கருகமணிக்குள் வானவில்

கையால் கண்ணாடி மணி செய்து விற்கிறவனுக்கு இரண்டு இடத்தில் சூடு படும்: ஒன்று அடுப்பு வாய், இன்னொன்று "இந்தக் குட்டி மணிக்கா இத்தன வெல?" என்று கேட்கும் வாடிக்கையாளர் வாய். முதல் சூட்டுக்குக் களிம்பு உண்டு.

கையால் எதையாவது செய்து, அதை வாயால் விற்றுப் பிழைக்கும் சக அவஸ்தைக்காரர்களே, மீதியை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முப்பது வருசம் காலேஜ் லேபுகளுக்கும் மில் டெஸ்டிங் ரூம்களுக்கும் கண்ணாடிக் குழாய் ஊதி, வளைத்து, கருவி செய்து கொடுத்தவன் நான். ரிட்டயர் ஆனதும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா என்றால் பேசிக்கொண்டு. மூன்றாவது வாரம் என் மனைவி தெய்வானை, "ஏதாச்சும் தீக்கிட்டப் போய் வேல பாருங்க, எனக்குக் காது வலிக்குது" என்றாள். கோயமுத்தூர் உக்கடத்தில் ஒரு சந்துக்குள் பத்துக்குப் பத்து அறை பிடித்தோம். பின்பாதியில் நானும் என் தீயும். முன்பாதியில் தெய்வானையும் அவள் நூலும். மணி என்னுடையது, கோப்பது அவள்.

மணி செய்வதில் பெரிய ரகசியம் கிடையாது. களிமண் குழம்பில் முக்கியெடுத்த எஃகுக் கம்பியைத் தீயில் பிடித்து, உருகிய கண்ணாடியை அதன்மேல் தேன் சுற்றுவதுபோல் சுற்ற வேண்டும். ஆறிய பிறகு கம்பியை உருவினால் மணி இந்தக் கையில், ஓட்டை அதற்குள். இதை இப்படியே சொன்னால் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள். அதனால் கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன். மணிக்கு ஓட்டை எப்படியோ வியாபாரத்துக்குக் கதை அப்படி. இல்லாவிட்டால் கோக்க முடியாது.

பல் பரிசோதனை

அன்னூரிலிருந்து ஒரு அம்மணி வந்தார். "கண்ணாடின்னு சொல்லிப் பிளாஸ்டிக்க தலைல கட்டிப்போடறாங்க. எப்புடிங்க கண்டுபுடிக்கறது?" என்று கேட்டார். கேட்டால் போதாதா? கடையில் இருந்த நாற்காலியை அவருக்குப் போட்டு, நான் நின்றுகொண்டு பாடம் எடுத்தேன். கண்ணாடியைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் இருக்காது. உள்ளங்கையில் குலுக்கினால் கண்ணாடி பேசும், பிளாஸ்டிக் முனகும். முன்பல்லில் மெல்லத் தட்டினால் 'டிங்' என்று எலும்புக்குள் கேட்கும். என் பல்லில் ஒரு மணியைத் தட்டியே அது எந்த ஊர்க் கண்ணாடி, எந்தக் கிழமை உருகியது என்று சொல்லிவிடுவேன் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டேன்.

அந்த அம்மணி இருநூறு மணிச் சரம் ஒன்றைக் கையில் எடுத்தார். முதல் மணியைப் பல்லில் தட்டினார். இரண்டாவதைத் தட்டினார். ஒன்றுவிடாமல் இருநூறையும் தட்டினார். நடுவில் தெய்வானை தண்ணீர் கொடுத்தாள், குடித்துவிட்டுத் தொடர்ந்தார். அரைமணி நேரம் கழித்து, சரத்தை முந்தானையில் துடைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்து, மனசாரச் சொன்னார்: "எல்லாமே சுத்தமான கண்ணாடிதானுங்க. எனக்குப் பிளாஸ்டிக்குதான் வேணும், பேத்தி கீழ போட்டாலும் ஒடையாது பாருங்க."

அரை மில்லி அவுட்

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் மனைவிக்குக் கல்யாணநாள் பரிசு வாங்க வந்தார். பச்சை மணி மாலை ஒன்றைக் காட்டினேன். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுப்பதுபோல் வெர்னியர் காலிப்பரை எடுத்தார். எங்கள் ஊரில் இது அதிசயமில்லை. பம்பு செட்டுக்கு உதிரிபாகம் கடைகிறவர்கள் இட்லியைக்கூட அளந்துதான் வாயில் போடுவார்கள். நாலு மணியை அளந்தார். நாலும் நாலு அளவு. ஓட்டைக்குள் ஒரு கண்ணை விட்டுப் பார்த்தார். "சென்டர்ல இல்லீங்களே. அரை மில்லி அவுட்டு" என்றார்.

அதுதாங்க கைவேலைக்கு அடையாளம் என்று ஆரம்பித்தேன். அச்சில் வார்த்த மணி என்றால் உடம்பில் ஒட்டுக் கோடு இருக்கும், நூறும் ஒரே முகமாக இருக்கும். கையால் சுற்றினது என்றால் ஒன்று கொஞ்சம் குண்டு, ஒன்று கொஞ்சம் ஒல்லி, ஓட்டையோரம் குழிந்திருக்கும், உள்ளே களிமண் வெள்ளை துளி ஒட்டியிருக்கும். ஒரு தடவை தவறிப்போய் நூறு மணியை மயிரிழை பிசகாமல் ஒரே அளவாகச் செய்துவிட்டேன், கைவேலை என்று யாரும் நம்பாததால் நூறையும் உடைத்துப் போட்டேன் என்றேன். (உண்மையில் பன்னிரண்டு மணி. அதுவும் விற்றுவிட்டது.) அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மாலையை வாங்கிக்கொண்டார். வெர்னியரைப் பையில் போட்டபடி படியிறங்கும்போது சொன்னார்: "என்ற பட்டறைல அரை மில்லி அவுட்டுன்னா ரிஜக்ட்டுங்க. உங்க கடைல அதுக்கு வெல சாஸ்தி. நான் இத்தன வருசம் தப்பான தொழில்ல இருந்துபோட்டேன்."

பல்லடத்துக் கோழி

பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் ஒருவரிடம், நீல மணிச் சரத்தை ஷெட் வாசலில் கட்டினால் கண்ணுபடாது, குஞ்சு வாரத்துக்கு வாரம் பருக்கும் என்று சொல்லிவிட்டேன். நீல மணி அன்றைக்கு அதிகமாக மிஞ்சியிருந்தது, வேறு காரணமில்லை. அவர் வாங்கிக்கொண்டு போனார். பத்தாம் நாள் திரும்பி வந்தார். முகத்தில் கோபமில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சரம் அறுந்து விழுந்ததாம், ஒரு கோழி ஒரு மணியைத் தானியம் என்று நினைத்து விழுங்கிவிட்டதாம்.

அந்தக் கோழி இட்ட முட்டையை உடைத்தபோது மஞ்சள் கருவுக்கு நடுவில் நீல மணி இருந்தது என்று பிற்பாடு நான் நாலு பேரிடம் சொன்னதுண்டு. கறிக்கோழியை முட்டை போடும் வயது வரைக்கும் யாரும் விட்டுவைப்பதில்லை என்பது பல்லடத்துக்காரர்களுக்குத் தெரியும். அதனால் இந்தக் கதையைப் பல்லடத்துக்காரர்களிடம் மட்டும் சொல்வதில்லை. உண்மையில் நடந்தது இதுதான். அவர் காகிதத்தில் மடித்து வைத்திருந்த மணியை மேசைமேல் வைத்தார். கழுவித்தான் கொண்டுவந்திருந்தார். பிறகு சொன்னார்: "கோழி வயித்துக்குள்ள போயிட்டு வந்தும் பளபளன்னுதான் இருக்குதுங்க. ஆனா குஞ்சு பெருசா ஒண்ணும் பருக்கல, பச்சைல மாத்திக் குடுங்க."

முப்பத்துமூன்று மணி

இப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவன் வாயை ஒருத்தி அடைத்த கதைக்கு வருகிறேன். அவள் பெயர் மும்தாஜ். கோட்டைமேட்டில் தையல் கடை. கல்யாண ஜாக்கெட்டுக்கு மணி வைத்துத் தைப்பதற்காக வருசக்கணக்காக எங்களிடம் வாங்குகிறாள். என் மணியில் ஒன்றைக்கூடத் தள்ளமாட்டாள், என் பேச்சில் ஒன்றைக்கூட எடுக்கமாட்டாள்.

அவள் தம்பிக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. அவர்கள் வழக்கத்தில் மணப்பெண் கழுத்தில் கருகமணி கட்டுவார்கள். கறுப்புக் கண்ணாடி மணிச் சரம். அந்த வீட்டில் அதை மாப்பிள்ளையின் அக்காதான் வாங்கி, அக்காதான் கட்ட வேண்டும். அம்மா இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்தவளே அவள்தான். "அண்ணா, கடைல கெடைக்கற கருகமணி வேண்டாம். நீங்களே கையால செஞ்சு குடுங்க. முப்பத்திமூணு மணி" என்றாள். மனசு நிறைந்துவிட்டது. மனசு நிறைந்தால் எனக்கு வாய் திறந்துவிடும். வெறும் கறுப்பு வேண்டாம், உள்ளே கறுப்பு, மேலே தெளிந்த கண்ணாடியில் ஒரு போர்வை, தண்ணீருக்குள் கருவிழி மிதப்பதுபோல் இருக்கும் என்றேன். அப்படியே, ஒரு மில்லில் பாய்லர் வெடிக்கப் போவதை அதன் கண்ணாடிக் குழாய் போட்ட சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து, முந்நூறு பேரைக் காப்பாற்றிய கதையையும் சொன்னேன். மும்தாஜ் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "போன ரம்ஜானுக்கு இதே கதைல நூத்தம்பது பேருன்னீங்க. அடுத்த வருசம் கோயமுத்தூரையே காப்பாத்திப்போடுவீங்க."

டொக்

மணிகள் பிரமாதமாக வந்தன. தெய்வானை மணிக்கு மணி முடிச்சுப் போட்டுக் கோத்தாள். புதன்கிழமை மும்தாஜ் வந்து வாங்கிப்போனாள். நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமை.

வெள்ளிக்கிழமை காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் தட்டில், அந்தச் சரத்துக்கென்று செய்ததில் மிஞ்சிய இரண்டு மணிகள் இருந்தன. யாரும் தொடவில்லை. 'டொக்' என்று ஒரு சத்தம். ஒரு மணி நிலாக்கீற்று மாதிரி இரண்டாகப் பிளந்து கிடந்தது. காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

என்ன நடந்தது என்பது அந்த நொடியே தெரிந்துவிட்டது. மணிக்காக நாங்கள் உருக்கும் கண்ணாடிக் கம்பிகள் வடக்கேயிருந்து வருகின்றன. ஒரு பட்டறைக் கண்ணாடி ஆறும்போது கொஞ்சம் சுருங்கும், இன்னொரு பட்டறையினுடையது கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று சுற்றினால் கல்யாணமான புதிதில் தெரியாது. நாலு நாள் கழித்தோ நாற்பது நாள் கழித்தோ பிய்த்துக்கொள்ளும். அதனால் புதுக் கம்பி வாங்கினால் ஒரு சோதனை உண்டு. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி உருக்கி, நூலாக இழுக்க வேண்டும். ஆறிய நூல் நேராக இருந்தால் ஜோடி பொருத்தம். வில்லாக வளைந்தால் பொருத்தமில்லை. அரை நிமிச வேலை. தெளிந்த கண்ணாடி தீர்ந்துபோய்ப் புதுக் கடையில் வாங்கியிருந்தேன், அந்த அரை நிமிச வேலையைச் செய்யவில்லை.

இப்போது செய்தேன். நூல் புருவம் மாதிரி வளைந்தது. முப்பத்துமூன்று மணியும் அந்தப் பெண்ணின் கழுத்தில், சபை நடுவில் வெடித்தால்? சில்லு கழுத்தைக் கீறும். அதைவிட, கருகமணி கட்டின அன்றே உடைந்தது என்றால் ஊர் சும்மா இருக்குமா? கட்டினது அக்கா கை அல்லவா? தெய்வானை பிளந்த மணியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இங்க ஒடைஞ்சா இது வெறும் மணிங்க. அங்க ஒடைஞ்சா அந்தப் புள்ளைக்கு ஆயுசுக்கும் பேச்சு. எந்திரிச்சுச் சட்டையப் போடுங்க."

வானவில்

கோட்டைமேட்டுக்கு நடந்தே போனேன். மும்தாஜ் வீட்டில் கல்யாணத்துக்கு வந்த சொந்தபந்தம், ஒறம்பரைக் கூட்டம். வாசலில் பதினெட்டு ஜோடி செருப்பு. அவள் முன்னறையில் மெஷினில் உட்கார்ந்து கடைசி ஜாக்கெட்டை முடித்துக்கொண்டிருந்தாள். "வாங்ணா, டீ குடிங்க" என்றாள். டீ வேண்டாம், கருகமணியைத் திருப்பிக் கொடு அம்மணி, அது வெடிக்கும், ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் வேறு செய்து தருகிறேன் என்றேன்.

மெஷின் நின்றது. ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு கூடம் அதிரச் சிரித்தாள். "சாஸ்தி வெல குடுக்கறேன்னு வேற எவளோ கேட்டுப்போட்டா, அதானுங்ணா?" என்றாள். சத்தியம் செய்தேன். போன வருசம் வேறொரு விசயத்துக்கு நான் செய்த சத்தியத்தை எடுத்துச் சொன்னாள். பிளந்த மணியைக் காட்டினேன். இதை உடைத்த சுத்தியல் எங்கே என்று கேட்டாள்.

சரி, கண்ணால் பார்க்கட்டும் என்று என் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். லேப் காலத்திலிருந்து நான் வைத்திருக்கும், கூலிங் கிளாஸ் மாதிரி ஊடே பார்க்கக்கூடிய இரண்டு சாம்பல் நிறத் தகடுகள். ஒன்றின்மேல் ஒன்றைக் குறுக்காக வைத்தால் டியூப்லைட் வெளிச்சம்கூட உள்ளே வராது, ஒரே இருட்டு. நடுவில் கண்ணாடியைப் பிடித்தால், நிம்மதியாக இருக்கும் கண்ணாடி இருட்டாகவே இருக்கும். உள்ளே இழுபறி நடக்கும் கண்ணாடி மட்டும் வண்ணம் காட்டிக் கொடுத்துவிடும். கருகமணிச் சரத்தைத் தட்டோடு கொண்டுவரச் சொன்னேன். ஒறம்பரை முழுவதும் சுற்றி நின்றது. தகடுகளுக்கு நடுவில் ஒரு மணியைப் பிடித்தேன். நான் பயந்தபடியேதான் இருந்தது. கறுப்பு மையத்தைச் சுற்றி, தெளிந்த கண்ணாடிக்குள், சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக வட்ட வானவில். "பாத்தியா அம்மணி, எத்தன மோசம்?" என்றேன்.

அவளுடைய பெரிய மாமி தகட்டை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்து "மாஷா அல்லாஹ்" என்றார். தகடு கை கைக்கு மாறியது. ஒரு பெண் போனில் படம் எடுத்தாள். என் பேச்சைக் கேட்க அங்கே ஆளில்லை. மும்தாஜ் கண் கலங்க என்னைப் பார்த்துச் சொன்னாள்: "உள்ளுக்குள்ள இத்தன அழக ஒளிச்சு வச்சுப்போட்டு, திருப்பிக் குடுன்னு கேக்க உங்களுக்கு எப்புடிங்ணா மனசு வந்துச்சு?"

அரை நிமிசம்

ஒறம்பரை சாப்பிடப் போனது. நான் முன்னறையை விட்டு நகரவில்லை. மும்தாஜ் மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். உண்மை எடுபடவில்லை, நமக்குத் தெரிந்த வழியிலேயே போவோம் என்று, "அம்மணி, கறுப்பு மணிக்குள்ள வானவில் தெரிஞ்சா ஆகாதுன்னு எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்த வாத்தியாரு..." என்று தொடங்கினேன். அவள் நிமிராமலே, "வாத்தியாரே இல்லாம தானா கத்துக்கிட்டவன்னு போன மாசம் சொன்னீங்க" என்றாள். அதோடு என் சரக்கு தீர்ந்தது.

ஐம்பது வருசமாக எனக்கு இந்த வழக்கமில்லை, ஆனாலும் அன்றைக்கு நடந்ததை நடந்தபடி சொன்னேன். தெளிந்த கம்பி தீர்ந்துபோனது. புதுக் கடையில் வாங்கினது. நூல் இழுத்துப் பார்க்க வேண்டும் என்று கைக்குத் தெரியும், கம்பிகளைக் கையில் எடுத்தும்விட்டேன். அப்போது ஒரு நினைப்பு வந்தது: 'இத்தன வருசம் கண்ணாடியோடு புழங்கியிருக்கறோம், நமக்கு எதுக்குச் சோதனை?' கீழே வைத்துவிட்டேன். அரை நிமிசம், அம்மணி. அரை நிமிசம் நான் பெரிய ஆள் என்று நினைத்துவிட்டேன். தொழில் படிக்கிற பிள்ளைகள்கூடச் செய்யாத தப்பு. இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையில் கிடந்த துணி வெட்டுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நூல் கண்டு ஒன்று உருண்டு என் காலடியில் வந்து நின்றது, அதையும் எடுக்கத் தோன்றவில்லை.

மெஷின் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. அவள் எழுந்து உள்ளே போனாள். கருகமணியை ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "உங்க கதைல எல்லாம் நீங்கதாங்ணா கெட்டிக்காரரு. இந்த ஒண்ணுலதான் நீங்க முட்டாளா வாரீங்க. அப்ப இது நெசந்தான், எடுத்துட்டுப் போங்க."

முப்பத்தாறு

சனிக்கிழமை கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்தேன். பழைய இடத்திலேயே போய் வாங்கிவந்த தெளிந்த கம்பி. முதல் வேலை நூல் இழுப்பு. தெய்வானை பக்கத்தில் வந்து நின்றாள். "எனக்குக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். கோடு கிழித்தாற்போல் நேராக இருந்தது. "இன்னொருக்கா" என்றாள். இழுத்தேன். அதுவும் நேர். அப்புறம்தான் அவள் தன் நூலை எடுக்கப் போனாள்.

மூன்று உபரி சேர்த்து முப்பத்தாறு மணி. சாயங்காலம் சூட்டை மெல்ல இறக்கும் மின்பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடுக்கினேன். அவசரப்பட்டு ஆறவைத்தால் பொருத்தமான கண்ணாடியும் பிளந்துவிடும். பெட்டி விடிய விடிய தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னால் இந்தக் கட்டுரையிலேயே பெரிய பொய் அதுவாகத்தான் இருக்கும்.

ஞாயிறு காலை தெய்வானை கோத்து முடிக்கவும் மும்தாஜ் பட்டுச்சேலையோடு ஆட்டோவில் வந்து இறங்கவும் சரியாக இருந்தது. தகடுகளை என்னிடம் கேட்டு வாங்கினாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்க அடிக்க, முப்பத்துமூன்று மணியையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தாள். முப்பத்துமூன்றும் இருட்டு. ஒரு கீற்று வண்ணமில்லை. எனக்கு உயிர் வந்தது, அவளுக்கு முகம் கொஞ்சம் வாடியது. சரத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டு சொன்னாள்: "பத்தரமாத்தான் இருக்குதுங்ணா. ஆனா அது அழகா இருந்துச்சு."

பந்தியில்

மண்டபத்தில் பெண்கள் பக்கம் கருகமணி கட்டியாகிவிட்டது என்று செய்தி வந்தபோது நான் பிரியாணிப் பந்தியில் இருந்தேன். மனசு முழுக்கக் காதில் இருந்தது. இரண்டாவது கவளம் எடுக்கும்போது பக்கத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். இலையைத் தாண்டி எழுந்துவிட்டேன். பக்கத்து இலைக்காரர், மேட்டுப்பாளையத்து மரவியாபாரி, நல்லி எலும்பை உடைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். "என்னாச்சுங்க?" என்று பதறினார்.

உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, நடந்ததை அவரிடம் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. பொருந்தாத கண்ணாடி, தானாகப் பிளந்த மணி, இருட்டுத் தகட்டுக்குள் வானவில், நான் செய்த முட்டாள்தனம், எல்லாம். அவர் எலும்பை இலையில் வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்து, தோளில் தட்டி, பெரிய மனசோடு சொன்னார்: "கதை நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா தானா வெடிக்குதுன்னீங்க பாருங்க, அந்த எடத்துல கொஞ்சம் கொறைச்சுக்குங்க."

வெடிக்கிற ரகம்

திருப்பி வாங்கின சரத்தை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கடை மேசைமேல் வைத்திருந்தேன். பந்தி முடிந்து வந்து திறந்தால், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்துக்குள் நாலு மணி பிளந்து கிடந்தன. டப்பாவைக் கோட்டைமேட்டுக்கே கொண்டுபோய் மும்தாஜிடம் காட்டினேன். பிளந்த மணிகளை அவளே விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள். அடுத்த நாளிலிருந்து கோட்டைமேடு, உக்கடம், குனியமுத்தூர் என்று ஜாக்கெட் தைக்க வருகிற ஒவ்வொருத்தியிடமும் அவளே நடந்ததைச் சொன்னாள். அவள் சொன்னால் ஊர் நம்பும்.

நம்பித்தான் வந்தார்கள். அந்த வாரமே ஏழு பெண்கள் ஒன்றாக வந்தார்கள். உடையாத மணி கேட்டு வருகிறார்கள் என்று நான் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். சோதனை நூலை எடுத்துக் காட்டினேன். தகடு வைத்து இருட்டைக் காட்டினேன். அவர்கள் மரியாதையாகப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அவர்களில் மூத்த பெண்மணி தெய்வானைப் பக்கம் குனிந்து, எனக்குக் கேட்காது என்று நினைத்துக் கேட்டார்: "ஏனுங்கக்கா, உள்ளார வானவில் தெரியுமாமே, அந்த வெடிக்கிற ரகத்துல ஒரு சரம் கெடைக்குமுங்களா?"

ஆக, இத்தனை வருசத்தில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: கண்ணாடியிடம் பொய் எடுபடாது, மனுசரிடம் உண்மை லேசில் எடுபடாது, நடுவில் உட்கார்ந்து நான் இரண்டையும் சூடுபண்ணி ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.